வறுமைதான் பயங்கரவாதத்தின் வேரா? போகோ ஹராமை முன்வைத்துப் பேசுவோம்

மேலூர் மாணிக்கம்:

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்துவருகிறேன். பயங்கரவாதத்தின் காரணங்கள் என்று தலைப்புக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே பட்டியல்: வறுமை, வேலையின்மை, கல்வியின்மை, மதவெறி. ஊரில் சாதாரணமாகத் திரிந்த ஒருவன் எந்த இடத்தில் துப்பாக்கியைத் தூக்குகிறான், ஒரு சின்னக் குழு எப்படி நான்கு நாடுகளைப் பிடித்து ஆட்டுகிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் விடையே கிடையாது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். ஒரே ஒரு இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். நைஜீரியாவின் வடகிழக்கில், போர்னோ மாநிலத் தலைநகர் மைதுகுரியில் 2002 வாக்கில் முகமது யூசுப் என்ற இஸ்லாமியப் போதகர் தொடங்கிய போகோ ஹராம். 2014இல் சிபோக் பள்ளி மாணவிகளைக் கடத்தியபோது நம் செய்தித்தாள்களில் சில வாரம் அடிபட்ட பெயர். பிறகு நாம் மறந்துவிட்டோம். அங்கே சாவு நிற்கவில்லை. 2020 முடிய இந்தப் போர் தின்ற உயிர்கள் ஏறக்குறைய 3,50,000 என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தோட்டாவிலும் குண்டிலும் செத்தவர்கள் அல்ல. பசியிலும் நோயிலும் போனவர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இதற்கு வறுமைதான் வேரா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கோபம் வரலாம், தவறில்லை. தகவலோடு வாருங்கள்.

செந்தில், காவிரிக்கரை:

சார், வேறென்ன காரணம் இருக்க முடியும்? நைஜீரியா எண்ணெய் விற்கும் நாடு. ஆனால் எண்ணெய் தெற்கே நைஜர் ஆற்றின் கழிமுகத்தில், பணம் லாகோஸிலும் அபுஜாவிலும். போர்னோவுக்கு வந்து சேர்ந்தது என்ன? அங்கே பிழைப்பே சாட் ஏரியை நம்பித்தான். 1960களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்த ஏரி, 1980களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வற்றிப்போனது. மீனவனுக்கு மீன் இல்லை, மாடு மேய்ப்பவனுக்குப் புல் இல்லை. அந்த வெறுமையில்தான் ஒரு போதகர் வந்து, 'இந்த அரசாங்கமும் அதன் பள்ளிக்கூடமும்தான் உன் கேட்டுக்குக் காரணம்' என்று பேசினால் எடுபடுகிறது. யூசுப் வெறும் பேச்சோடு நிற்கவும் இல்லை. அவருடைய மையத்தில் சாப்பாடு கிடைத்தது, இளைஞர்களுக்குச் சின்னத் தொழில் செய்யக் கடன் கிடைத்தது. அரசு செய்யாததை அவர் செய்தார்.

ஆற்றில் தண்ணீர் வராத வருடம் ஊர் எப்படி மாறுகிறது என்று பார்த்தவன் நான். வறுமையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

வடகரை வாசு:

செந்தில் தம்பி, ஏரியைப் பற்றிச் சொன்னது பாதிதான். அது படுமோசமாக வற்றியது 1980களின் நடுவில். 1990களுக்குப் பிறகு நீர்ப்பரப்பு ஓரளவு மீண்டிருக்கிறது. போகோ ஹராம் தொடங்கியதே 2002இல், ஆயுதப் போராக வெடித்தது 2009இல். ஏரி வற்றியதால் இயக்கம் வந்தது என்றால் இருபது வருடம் எங்கே போனது? ஏரியின் மறுகரையில் இருக்கும் நைஜர் நாடு நைஜீரியாவை விட ஏழை. இயக்கம் அங்கே பிறக்கவில்லையே.

இன்னொன்று. 2009 கிறிஸ்துமஸ் நாளில் டெட்ராய்ட் போகும் விமானத்தை உள்ளாடைக்குள் வைத்த வெடிமருந்தால் தகர்க்க முயன்று பிடிபட்டவனும் நைஜீரியன்தான், உமர் ஃபரூக் அப்துல்முத்தலிப். அவன் அப்பா நாட்டின் பெரும் வங்கியாளர்களில் ஒருவர். பையன் லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் படித்தவன். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தில் விஞ்ஞானம் படித்தவர்களும் டாக்டரும் இருந்தார்கள். 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்ற தனி ஆள் வாழ்ந்தது உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில்.

வறுமைக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. உலகத்தில் கோடிக்கணக்கான ஏழைகள் யார் மீதும் கல்லெறியாமல் வாழ்ந்து சாகிறார்கள். வறுமையைக் காரணமாக எழுதும்போது அவர்கள் எல்லார் மீதும் ஒரு சந்தேகத்தை ஏற்றிவைக்கிறோம். எனக்கு உறுத்துவது அதுதான்.

தேன்மொழி:

2009இல் நடந்ததை யாராவது விரிவாகச் சொல்லியாக வேண்டும். நானே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் விழுந்தது.

அந்த வருடம் ஜூன் மாதம் மைதுகுரியில் யூசுப்பின் ஆட்கள் இறந்தவர்களை அடக்கம் செய்ய ஊர்வலமாகப் போனார்கள். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடவில்லை என்று பாதுகாப்புப் படை மறித்தது. வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, பலர் காயம்பட்டார்கள். விசாரணை வைக்கவில்லை. யூசுப் வெளிப்படையாகவே பழிவாங்கப் போவதாகப் பேசினார். ஜூலை கடைசியில் பௌச்சி நகரில் தொடங்கிய மோதல் மைதுகுரி வரை பரவியது. சில நாட்களுக்குள் 800க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

ஜூலை 30ஆம் தேதி ராணுவம் யூசுப்பை உயிரோடு பிடித்துப் போலீஸிடம் ஒப்படைத்தது. அவரை விசாரிக்கும் வீடியோ இருக்கிறது. அதற்குச் சில மணி நேரத்தில் அவர் பிணம், உடம்பெல்லாம் தோட்டா. தப்பியோடப் பார்த்தார், சுட்டோம் என்று போலீஸ் சொன்னது. அவருடைய மாமனார் தானாகப் போய்ப் போலீஸில் ஆஜரானவர். அவரும் காவலில் கொல்லப்பட்டார். 2010இல் நீதிமன்றமே அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

யூசுப்பை நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் அவருடைய பேச்சும் பணம் வந்த வழியும் அவரைப் பின்னால் நின்று தூக்கிவிட்ட அரசியல்வாதிகளின் பெயரும் வெளியே வந்திருக்கும். அதற்குப் பதிலாக இயக்கத்துக்கு ஒரு தியாகி கிடைத்தார். அடுத்து வந்த அபுபக்கர் ஷெக்கௌ யூசுப்பை விடப் பல மடங்கு கொடூரமானவர். 2010 செப்டம்பரில் பௌச்சி சிறையை உடைத்து 700 பேர் வரை வெளியேற்றினார்கள். 2011 ஆகஸ்டில் அபுஜாவின் ஐ.நா. கட்டடத்தின் மீது கார் குண்டு.

வாசு அண்ணா கேட்ட 'இருபது வருடம் எங்கே போனது' என்பதற்கு என் பதில் இது: வறுமை விறகாகக் கிடந்தது, தீ வைத்தது காவல் கொலை.

இதை நான் மனம்போன போக்கில் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட இயக்கங்களில் தாமாகச் சேர்ந்த 495 பேரை நேரில் பேட்டி கண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 'சேருவது என்று நீ முடிவெடுக்கக் கடைசியாக நடந்தது என்ன' என்று கேட்டதற்கு 71 சதவீதம் பேர் சொன்னது அரசின் செயலைத்தான்: சொந்தக்காரனையோ நண்பனையோ கொன்றது, பிடித்துக்கொண்டு போனது.

சாத்தூரான்:

நான் சில வருடம் வடக்கு நைஜீரியாவின் கானோ நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2012 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்த பிற்பாடு போலீஸ் அலுவலகங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டு. ஊரடங்கு போட்டார்கள். சாவு 180க்கும் மேல். எங்கள் ஆலையில் என்னோடு நின்று வேலை செய்த, அந்த ஊர் ஹௌசா இனத்துக்காரர்கள் தங்கள் ஆட்களைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஏழைகள். இங்கே வந்து 'மதம்' என்று ஒரே சொல்லில் எழுதும்போது அந்த முகங்கள்தான் எனக்கு நினைவு வருகின்றன. 2014 நவம்பரில் கானோ பெரிய பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீதே குண்டு வைத்தார்கள், நூறு பேருக்கு மேல் போனார்கள். ஊரின் பாரம்பரிய முஸ்லிம் தலைவரான எமிர் சனுசி, போகோ ஹராமை எதிர்த்து மக்களே திரண்டு நில்லுங்கள் என்று சொன்னதற்கு அது பதில்.

தேன்மொழி அவர்களே, நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அரசு செய்தது அக்கிரமம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2009க்கு முன்னால் இவர்கள் சாதுக்களா? 2003 டிசம்பரில் யோபே மாநிலம் கனம்மாவில் யூசுப்பின் பள்ளிவாசலிலிருந்து பிரிந்த கூட்டம் போலீஸ் நிலையங்களைத் தாக்கியது. யூசுப்புக்கு ஒரு காலத்தில் வழிகாட்டியாக இருந்து, பிறகு அவர் போக்கைக் கடுமையாக எதிர்த்த ஷேக் ஜாஃபர் ஆதம் 2007இல் கானோவில் விடியற்காலைத் தொழுகை நடத்தும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரில் பலரும் யூசுப்பின் ஆட்களையே சந்தேகித்தார்கள். கொன்றால் சரி என்று சொல்லும் ஒரு கருத்து முதலிலேயே இருந்தது. அந்தக் கருத்து இல்லாமல் காவல் கொலை மட்டும் நடந்திருந்தால் ஊர்வலமும் கடையடைப்பும் நடந்திருக்கும், அவ்வளவுதான்.

2014 பிப்ரவரியில் புனி யாடி பள்ளி விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த பையன்களை வெட்டியும் சுட்டும் எரித்தும் கொன்றவனிடம் போய், உன் அண்ணனைப் போலீஸ் கொன்றதா என்று நான் கேட்க மாட்டேன்.

வடகரை வாசு:

சாத்தூரான் சொன்ன கடைசி வரி எனக்கும் உடன்பாடு. காரணம் சொல்வது வேறு, நியாயம் கற்பிப்பது வேறு. ஆனால் காரணத்தைக் கேட்காமல் விட்டால் அடுத்த புனி யாடியைத் தடுக்க வழி தெரியாது.

மதம் பற்றி ஒரு தகவல். தேன்மொழி சொன்ன அதே ஆய்வில், மதநூல்களைப் பற்றித் தங்களுக்கு அதிகம் தெரியாது என்று இயக்கத்தில் சேர்ந்தவர்களில் 57 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குறைந்தது ஆறு வருடம் மதக் கல்வி பெற்றவர்கள் இயக்கத்தில் சேரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கணிசமாகக் குறைவு. வடக்கு நைஜீரியத் தெருக்களில் தட்டேந்தித் திரியும் குர்ஆன் பள்ளிச் சிறுவர்களைப் பார்த்ததும் 'இவர்கள்தான் நாளைய பயங்கரவாதிகள்' என்று எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அரசின் பக்கம் இன்னும் இருண்ட அத்தியாயங்கள் உண்டு. 2011 மார்ச் முதல் நான்கு வருடத்தில் ராணுவக் காவலில் 7,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் செத்தார்கள் என்று ஆம்னஸ்டி மனித உரிமை அமைப்பு 2015இல் அறிக்கை தந்தது. மைதுகுரியின் கிவா ராணுவ முகாம் பெயரைக் கேட்டாலே அங்கே தாய்மார்கள் அழுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து சுடுகிறார்கள் என்று 2011இல் மைதுகுரியில் மோட்டார் சைக்கிளையே தடை செய்தார்கள். வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைத்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே நாளில் வேலையற்றவர்கள். செந்தில் தம்பி, வேலையின்மை காரணம் என்கிறீர்கள். அதைப் பாதி உண்டாக்கியதே இந்தப் போர் நடத்திய முறைதான்.

தேன்மொழி:

இவர்களுடைய வன்முறை எடுத்த வடிவங்களுக்கு வருகிறேன். பெண்களைக் கடத்துவது இவர்களுக்கு எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

2011, 2012 வாக்கில் இயக்கத் தலைவர்களைப் பிடிக்க முடியாத படைகள் அவர்களின் மனைவிகளையும் குழந்தைகளையும் பிடித்துச் சிறையில் வைத்தன. ஷெக்கௌவின் மனைவியும் அதில் இருந்ததாகச் சொல்வார்கள். 'நீ என் பெண்களைத் தொட்டால் நான் உன் பெண்களைத் தூக்குவேன்' என்ற பொருளில் அவர் வீடியோவில் மிரட்டினார். 2013இல் பாமா நகரத் தாக்குதலின்போது பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுபோனார்கள். 2014 ஏப்ரல் 14 இரவு சிபோக்கில் 276 மாணவிகள். 57 பேர் ஆரம்பத்திலேயே தப்பினார்கள். 2016 அக்டோபரில் 21 பேரும் 2017 மே மாதம் 82 பேரும் பேச்சுவார்த்தையால் விடுபட்டார்கள். பத்தாண்டு கழிந்தும் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. உலகமே கண்ணீர் விட்ட வழக்கின் நிலை இது. பெயர் வெளியே வராமல் கடத்தப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

அதை விடக் கொடுமை, சிறுமிகளின் உடம்பில் வெடியைக் கட்டிச் சந்தைக்கு அனுப்பியது. 2017இல் முதல் எட்டு மாதத்துக்குள் 83 குழந்தைகள் இப்படிப் பயன்படுத்தப்பட்டதாக யுனிசெஃப் சொன்னது. அதில் 55 பேர் சிறுமிகள், பெரும்பாலோர் 15 வயதுக்கும் கீழே. சோதனைச் சாவடியில் பெண் குழந்தையை யாரும் தடவிப் பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கு. சோதனைச் சாவடியைத் தாண்டி அந்த அச்சம் முகாம்களுக்குள்ளும் வந்துவிட்டது: தப்பி வந்த சிறுமி தண்ணீர் கேட்டால்கூட ஊர் பின்வாங்குகிறது. கையில் குழந்தையோடு வந்தால் அந்தக் குழந்தைக்கும் 'கெட்ட ரத்தம்' என்று பெயர்.

இவர்களைத் தற்கொலைக் குண்டுதாரிகள் என்று எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொல்லப்பட்ட குழந்தைகள் அவர்கள்.

செந்தில், காவிரிக்கரை:

சிபோக்கிலிருந்து வேறு ஆட்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் கட்சினா மாநிலம் கங்காராவில் 300க்கும் மேற்பட்ட பையன்கள், 2021 பிப்ரவரியில் ஜம்ஃபாரா மாநிலம் ஜங்கேபேயில் 279 மாணவிகள். அது வடமேற்கு, பெரும்பாலும் கொள்ளைக் கூட்டங்களின் கை. கொள்கை எதுவும் வேண்டியதில்லை, பணம் வந்தால் போதும்.

பணம் என்று வந்ததால் சொல்கிறேன். 2016இல் இயக்கம் உடைந்தது. ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பு ஷெக்கௌவை ஒதுக்கிவிட்டு, யூசுப்பின் மகனான அபு முசாப் அல்பர்னாவியைத் தலைவராக அறிவித்தது. சாட் ஏரித் தீவுகளில் உட்கார்ந்த அந்தப் பிரிவு ஊர் மக்களைக் கண்டபடி கொல்லாமல் வரி வசூலித்தது: மீனுக்கு, மாட்டுக்கு, விளைச்சலுக்கு. பதிலுக்குக் கிணறு வெட்டினார்கள், மாட்டுத் திருடர்களைத் தண்டித்தார்கள். அரசு இல்லாத இடத்தில் அரசாக உட்கார்ந்துகொண்டார்கள். நான் சொன்ன வறுமை இங்கேதான் வேலை செய்கிறது, வாசு அண்ணா. சேர வைப்பது வேறாக இருக்கட்டும். நிலைத்து நிற்க வைப்பது இதுதான்.

சாத்தூரான்:

செந்தில், அந்த வரியை நிறுத்த நைஜர் அரசு என்ன செய்தது தெரியுமா? 2015இல் டிஃபா பகுதியில் மீன் வியாபாரத்தையும் மிளகாய் வியாபாரத்தையும் தடை செய்தது. கொமாடுகு ஆற்றங்கரை முழுக்கச் சிவப்பு மிளகாய்தான் பயிர், அந்தச் சனத்துக்கு அதுதான் தங்கம். எங்கள் பக்கம் மிளகாய்க் காடு வைத்திருக்கிறவர்களுக்குப் புரியும், பறித்துக் காய வைத்த மிளகாயை விற்க முடியாமல் மூட்டையோடு வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று. பயங்கரவாதிக்குப் போகும் காசை அடைக்கிறேன் என்று லட்சக்கணக்கானவர்களின் கஞ்சியை அடைத்தார்கள்.

மாணிக்கம் சார் தொடக்கத்தில் சொன்ன 3,50,000இல் பெரும்பங்கு எப்படி வந்தது என்றால் இப்படித்தான். விதைக்க முடியாது, சந்தை இல்லை, செவிலியர் ஓடிவிட்டார், தடுப்பூசி வரவில்லை.

வடகரை வாசு:

தடுப்பூசி என்றதும் ஞாபகம் வருகிறது. உலக அச்சுறுத்தல் என்று எழுதுபவர்கள் விமானக் கடத்தலை மட்டும் எழுதுகிறார்கள். இதையும் எழுதுங்கள்.

2013 பிப்ரவரியில் கானோவில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண் ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பெண்களின் தோழிகள் வேலையை விடவில்லை. 2015 செப்டம்பரில் போலியோ நிலைத்திருக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து நைஜீரியா நீக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில் போர்னோவில் மறுபடி நோயாளிகள். சோதித்துப் பார்த்ததில் அந்த வைரஸ் 2011இலிருந்தே யார் கண்ணிலும் படாமல் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. போகோ ஹராம் பிடியில் இருந்த ஊர்களுக்குள் யாரும் போக முடியாததுதான் காரணம். உடனே சாட் ஏரியைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் அவசரமாகச் சொட்டு மருந்து கொடுக்க ஓடின. ஆப்பிரிக்காவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இல்லை என்று அறிவிக்க 2020 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு காட்டுக்குள் இருக்கும் ஆயுதக் கூட்டம் ஒரு கண்டத்தின் குழந்தைகளையே காக்க வைத்தது.

மேலூர் மாணிக்கம்:

எதிர்பார்த்ததை விட ஆழமாகப் போய்விட்டது, நன்றி. ஒரு கேள்வி மிச்சம். இது முடிகிறதா, எப்படி முடிகிறது?

தேன்மொழி:

பேசி முடிக்க 2011இலேயே ஒரு வாய்ப்பு வந்தது சார். முன்னாள் அதிபர் ஒபசஞ்சோ மைதுகுரிக்கே போய் யூசுப்பின் மாமனார் குடும்பத்தைச் சந்தித்தார். அவரோடு பேசிய பாபகுரா ஃபுகு சில நாளிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு யார் முன்வருவார்கள்?

2021 மே மாதம் சாம்பிசா காட்டில் ஐஎஸ் பிரிவு ஷெக்கௌவைச் சுற்றி வளைத்தது. பிடிபடாமல் இருக்கத் தன்னிடமிருந்த வெடியை வெடித்துச் செத்தார். அவர் போனதும் பல்லாயிரம் பேர், குடும்பம் குட்டிகளோடு, அரசிடம் சரணடையத் தொடங்கினார்கள். போர்னோ ஆளுநர் பாபகானா ஜூலும் அவர்களை ஏற்றுக்கொண்டார். ராணுவம் பன்னிரண்டு வருடமாகச் செய்ய முடியாததை, 'வந்தால் கொல்ல மாட்டார்கள்' என்ற நம்பிக்கை செய்தது. என் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சாத்தூரான்:

அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார் என்றும் பாருங்கள். வீட்டை இழந்தவர்கள் முகாமில் தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள். அவர்கள் வீட்டை எரித்தவனுக்குத் தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை, கையில் கொஞ்சம் பணம். என் பழைய சக தொழிலாளி ஒருவர் மைதுகுரிக்காரர். தம்பியைக் கொன்றவனைத் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார். அவரிடம் அரசாங்கம் வந்து ஒரு வார்த்தை கேட்டதா? சரணடைந்தவனைக் கொல்லாதே, சரி. ஆனால் விசாரணை வேண்டும், யார் என்ன செய்தான் என்று பதிவாக வேண்டும். யூசுப்புக்கு மறுத்த நீதிமன்றத்தைத்தான் இந்த மக்களுக்கும் மறுக்கிறார்கள்.

தேன்மொழி:

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை அண்ணா. காவலில் கொன்றாலும் விசாரிக்காமல் விட்டாலும் கெடுவது ஒன்றேதான்.

வடகரை வாசு:

மேற்கே, சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் சஹேல் நாடுகளைப் பாருங்கள். 2024இல் உலகில் பயங்கரவாதத்தால் நேர்ந்த சாவுகளில் பாதிக்கும் மேல் அங்கேதான் என்று உலகப் பயங்கரவாதக் குறியீடு சொல்கிறது. அந்த வருடப் பட்டியலின் தலையில் புர்கினா ஃபாசோ. அந்த நாட்டு ராணுவம் 2024 பிப்ரவரி 25 அன்று நோண்டின், சோரோ என்ற இரண்டு கிராமங்களில் ஒரே நாளில் 223 பொதுமக்களைக் கொன்றது, அதில் குறைந்தது 56 குழந்தைகள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆவணப்படுத்தியிருக்கிறது. ஆயுதக் குழுவுக்கு உதவினார்கள் என்பது பழி. 2009 மைதுகுரியை நினைத்துக்கொண்டுதான் நான் அந்த அறிக்கையைப் படித்தேன்.

மேலூர் மாணிக்கம்:

பிள்ளைகளுக்கு இந்த இழையை அப்படியே படிக்கக் கொடுக்கப் போகிறேன். செந்திலின் ஏரி, தேன்மொழியின் காவல் கொலை, சாத்தூரானின் கேள்வி மூன்றையும் வைத்து எழுதச் சொல்கிறேன். முடிவை அவர்களே எடுக்கட்டும்.

வாசு, புர்கினா ஃபாசோவுக்குத் தனி இழை திறக்கிறேன். ஃபுலானி மேய்ப்பர்களுக்கும் அரசுக்கும் இடையில் என்ன நடந்தது, ஊர்க்காவல் தொண்டர்களுக்கு ஆயுதம் கொடுத்த பிறகு கிராமங்களுக்குள் என்ன ஆனது என்பதிலிருந்து நீங்கள் தொடங்குங்கள்.